பின்னால் நிற்கிறவர்கள்

தொலைக்காட்சியில் யார் பேசினாலும் அவர் அந்த ஆளைப் பார்க்கமாட்டார். பேசுகிறவரின் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். மந்திரி பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பார். நிருபர் முழங்கால் வெள்ளத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார். இவருடைய கண் அவர்களைத் தாண்டி, கூட்டத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் யாரோ ஒருவரிடம் போய் நிற்கும்.

“அவன் ஆராக்கும் தெரியுமா மக்கா? கோடுபோட்ட சட்ட. பாலராமபுரத்தில வண்டி கேறுவான். மடியில எப்பளும் ஒரு நூல்பொதி இருக்கும். இப்பம் மீசைய எடுத்திருக்கான்.”

தெரிந்தவரைத் திரையில் கண்டால் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம் வரும். அவர் முகத்தில் அது வராது. பரிசோதகர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுபோல அந்த முகத்தைப் பார்ப்பார், சரி என்று தலையை ஆட்டுவார், அடுத்த முகத்துக்குப் போவார்.

கொல்லயில் என்கிற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பின் அகலம்தான். முப்பது வருடத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டி. சொந்தம் இல்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவியை மாமி என்று. நான் பாறசாலையில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் டிவி விற்கிறவன். அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய டிவியை விற்றதும் நான்தான். அதனால் அவரைப் பற்றி யாராவது சொல்லவேண்டுமென்றால் நான்தான் சொல்லவேண்டும்.

“மூஞ்சி ஒருதடவ கேறியாச்சுன்னா பின்ன எறங்காது” என்பார். பெருமையாக அல்ல. முதுகுவலி இருக்கிறவர் முதுகுவலியைப் பற்றிச் சொல்வதுபோல.

கல்லூரிக்குப் போகிற காலத்தில் நான் அவருடைய வண்டியில்தான் திரும்பி வருவேன். ஒருநாள் சாயங்காலம் நெய்யாற்றின்கரை தாண்டியதும், தோளில் மூன்று வயதுக் குழந்தையைத் தூங்கப்போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவர் டிக்கெட் கொடுத்துவிட்டு நாலு வரிசை பின்னால் போனார். பிறகு திரும்பி வந்தார். குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ள களிஞ்ச மாசம் வேற ஒரு தாய்க்க மடியில இருந்துது.”

“அது எனக்க அக்காவாக்கும்” என்றாள் அந்தப் பெண்.

“பிள்ளைக்கு என்ன பேரு?”

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். இவர் இல்லையென்று தலையாட்டினார். “அண்ணைக்கு அந்தத் தாயி வேற பேரு சொல்லியாக்கும் விளிச்சா” என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். வண்டி நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நின்றது. அன்று காலை திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் காணாமல்போன குழந்தை அது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. வண்டியில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என்மேல் வந்து நின்றபோது, ஒரு தப்பும் செய்யாத நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பெயர் வந்தது. கூடவே ஒரு விலகலும் வந்தது. ஜோடியாகப் போகிற பையன்களும் பெண்களும் அவர் வண்டி வந்தால் அடுத்த வண்டிக்கு நின்றார்கள். கடன்காரனுக்கு ஒளிந்து திரிகிறவன், ஆஸ்பத்திரிக்கு யாருக்கும் தெரியாமல் போகிறவள் எல்லோரும் அப்படித்தான். அவர் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனாலும் நம் முகம் இன்னொருவருக்குள் பத்திரமாக இருக்கிறது என்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பார்க்க முகங்கள் இல்லாமல் போயின. வீட்டில் மாமி மட்டும். ஒரே மகள் ஷார்ஜாவில். பழைய முப்பத்திரண்டு இஞ்ச் டிவியின் முன்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பின்னால் நிற்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாமியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“எலே, நம்ம பெட்டியில பின்னால நிக்குதவனுக்க மூஞ்சி குழைஞ்ச சோறு மாதிரி இருக்கு. கண்ணு எது, மூக்கு எதுன்னு தெரியல்ல. நல்லதா ஒண்ணு காட்டு.”

கடையில் டிவி ஓட்டிக்காட்ட எங்களிடம் ஒரு படம் உண்டு. பூ மலரும், கடல் பொங்கும், கிளி சிறகை விரிக்கும். அதைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. அவர் கிளியைப் பார்த்து முகம் சுளித்தார். “ஆளுவ நிக்குததப் போடு” என்றார். செய்தியைப் போட்டேன். ஏதோ ஒரு ஊர்வலம். ஒவ்வொரு டிவியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் மாட்டியிருந்த எழுபத்தைந்து இஞ்சுக்கு முன்னால் நின்றார். கடையிலேயே விலை கூடியது அதுதான். கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆள் ஆளாகவே இருப்பான். கூட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இதில எல்லாரும் உண்டு.”

“வீட்டில ஆளு ரெண்டு. பெட்டி மட்டும் ஊருக்குள்ளதா?” என்றாள் மாமி. ஆனால் தடுக்கவில்லை.

விற்கிறவன் சொல்வதை நானும் சொன்னேன். “இதில ஒரு வித்த உண்டு மாமா. படம் மங்கலா வந்தாலும் இதுவே ஊகிச்சு, மூஞ்சியெல்லாம் தெளிவாக்கித் தரும்.”

“ஊகிச்சா?” என்று என் பக்கம் திரும்பினார். “அப்ப ஆளு மாறிப்போவாதா?”

சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் மாறாது” என்றேன்.

டிவியை மாட்ட நானும் ஃபிட்டரும் போயிருந்தோம். முன்னறையில் ஷோகேஸை அப்புறப்படுத்தவேண்டியிருந்தது. சுவரில் இருந்த வேதவசனக் காலண்டரையும் கல்யாணப் போட்டோவையும் எடுத்தோம். போட்டோவை எங்கே மாட்டுவது என்று ஃபிட்டர் கேட்டபோது அவர் அதை வாங்கிப் பார்த்தார். “இது ஆரு எடுத்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாமியிடம் கொடுத்தார். நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போடச்சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது அது கை எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது.

அந்த வீட்டில் அப்போது ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. கூட்டம் தெரிகிற நேரத்தில் டிவியை அணைக்க விடமாட்டார். மாமி ரிமோட்டை எடுத்தால் கையை உயர்த்துவார்.

“நில்லு. ஆளு எறங்கட்டு.”

ஸ்டுடியோவில் ஒற்றை ஆள் உட்கார்ந்து செய்தி வாசிக்கும் காட்சி வந்த பிறகுதான் அணைக்கலாம். முதலில் மாமி அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு கோவில் திருவிழாவை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கூப்பிட்டார்.

“எலே மக்கா, வேகம் வா. இன்னா உனக்க அப்பன்.”

என் அப்பா இறந்து அப்போது ஆறு வருடம். திருவனந்தபுரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். வாழ்நாளெல்லாம் இந்த மாமாவின் வண்டியில் போய்வந்தவர். அவரைக் கல்லறைக்குச் சுமந்தவர்களில் மாமாவும் ஒருவர்.

“அப்பா மரிச்சுப்போச்சே மாமா.”

“மரிச்சா? இன்னா நிக்குதாரே.” விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. படத்தை நிறுத்தியிருந்தார்.

பார்த்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். முன்வழுக்கை. ஒருபக்கம் சற்றே தாழ்ந்த தோள். அப்பாதான். அப்பா மாதிரி ஒருவர் என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு என் கண்ணுக்கு அப்பாதான். வெயில் கூடத்துக்குள் வந்து தரையெல்லாம் பளபளத்தது.

“சுகமாட்டு இருக்குதாரு” என்றார் அவர். தலையாட்டிவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார்.

திங்கட்கிழமை கடையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து அதே காட்சியைத் தேடி எடுத்து எல்லா டிவியிலும் ஓடவிட்டேன். பந்தல் கால் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவருக்கு முகம் என்று ஒன்று இல்லை. தவிட்டு நிறத்தில் ஒரு கலங்கல், அவ்வளவுதான். மாமா வாங்கியது மாதிரியே இன்னொரு டிவி கடையில் இருந்தது. அதில் முகம் இருந்தது. ஆனால் அது யாரோ ஒரு வாலிபனின் முகம். இயந்திரம் ஊகித்த முகம். அங்கே ஒருமாதிரியும் இங்கே ஒருமாதிரியும் ஏன் ஊகித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பெனிக்காரர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போனேன். அவரைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு, பின்னால் நிற்கிறவர்களை நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இது நடந்து ஒரு மூன்று மாதம் இருக்கும். பாறசாலை சந்தையில் அவருடைய சொந்தத் தம்பி எதிரே வந்து, “அண்ணே” என்று கையைப் பிடித்தாராம். இவர் கையை உருவிக்கொண்டு, “சில்லற இல்ல” என்று நடந்துவிட்டாராம். சபையில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகரிடமே, “இஞ்ச போதகர் ஆரு?” என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். மாமி உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“உள்ள ஒரு பொம்பள நிக்குதா. எந்த ஸ்டாப்பில கேறினான்னு தெரியல்ல. ரெண்டு நாளா எறங்கவும் இல்ல. உனக்குத் தெரிஞ்ச ஆளா?”

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மாமிக்குக் கேட்டிருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் முகங்களை அடையாளம் காண்கிற இடம் பழுதாகிக்கொண்டு வருகிறது, இனிக் கூடத்தான் செய்யும் என்றார். ஆனால் டிவியில் எல்லோரையும் தெரிகிறதே என்று மாமி கேட்டாள். அது தெரிவதல்ல, நினைத்துக்கொள்வது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் மாமி சொன்னாள்: “நெனச்சுக்கிட்டா என்ன? எனக்கு அதுவே போதுமே. என்னை நெனச்சுக்கிடட்டுமே.”

அது அப்படியே நடந்தது. மகள் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். போனில் சின்னதாகத் தெரிகிறது என்று நான் அதைப் பெரிய திரைக்கு மாற்றினேன். மாமி போனைக் கையில் பிடித்து முன்னறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரை நிறைய மகள். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் மாமி. மாமா மகளைப் பார்க்கவில்லை. மூலைக்குப் பாய்ந்து போனது அவர் கண்.

“இன்னா வந்துட்டாளே!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை வருடத்தில் ஒரு முகத்தைக் கண்டு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “எங்க போயிருந்தே பிள்ளே? எத்தன நாளாச்சு பாத்து?”

மாமி அவருக்கு நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல அவரைப் பார்த்துத் திரும்பினாள். திரையில் மாமியின் முகம் விலகியது. உடனே அவர் பதறிப்போனார். “போவாத, போவாத.” மாமி போனுக்கே முகத்தைத் திருப்பி, “எங்கயும் போவல்ல, இஞ்சதான் இருக்குதேன்” என்றாள். மகள் அந்தப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் ஒரு புது முறை வந்தது. என் பழைய போன் ஒன்றை மாமியிடம் கொடுத்து, அதன் கேமராவில் தெரிவது அப்படியே டிவியில் தெரிகிறமாதிரி செய்துகொடுத்தேன். மாமி அடுப்படியில் மாப்பெட்டி மேல் போனைச் சாய்த்துவைப்பாள். முன்னறைச் சுவரில் ஒரு ஆள் அளவுக்கு மாமி வருவாள். கிழங்கை நறுக்கிக்கொண்டே பேசுவாள். மாமா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பதில் சொல்வார். பிறகு அவள் போனை அணைத்துவிட்டு, கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வருவாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு மரியாதையாக, “நன்றி, கேட்டியளா” என்பார். மனைவிக்கு அல்ல, வேலைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணுக்கு.

ஒருநாள் திரையில் இருந்த மாமியிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

“இஞ்ச சோறு தாறதுக்கு ஒரு பொம்பள வாறா. நல்லவளாக்கும். பேசமாட்டா. முடிஞ்சா அவளுக்கு ஒரு நல்ல சேல எடுத்துக் குடு.”

“எடுத்துக் குடுக்கேன்” என்றாள் திரையில் மாமி. அடுப்படியிலிருந்தும் அதே குரல், அரை நொடி முந்தி கேட்டது.

கஷ்டமாக இல்லையா என்று ஒருமுறை மாமியைக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “இவரு ஊருக்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டு, வீட்டுக்கு வந்தா கண்ண மூடிக் கெடப்பாரு. நான் முன்னால நிண்ணு பேசினாலும் ‘ம்’ ஒண்ணுதான். இப்பமாக்கும் மக்கா என்னப் பாத்துப் பேசுதாரு. நான் பவுடர்கூடப் போடுதேன்.” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் மாமியைக் கலக்கியது. அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் அவளைத் தாண்டிப் போகத் தொடங்கியது. “உனக்குப் பின்னால, கதவுப்பக்கம் நிக்குதது அமரவிளையில கேறுத வாத்தியாரு அல்லவா? உள்ள வரச்சொல்லு.” மாமி திரும்பிப் பார்ப்பாள். பின்கதவு, வாழை, வெயில். வேறு யாரும் கிடையாது. அந்த வாத்தியார் போய்ப் பல வருடம். மறுநாள் இன்னொருவர். அவர் சொன்ன பேர்கள் எல்லாம் இறந்தவர்களுடையவை. மாமி கடைசியில் பின்கதவைச் சாத்தி, சுவரோடு முதுகை ஒட்டி நின்று பேசப் பழகிக்கொண்டாள்.

மாமா போய் இரண்டு வருடமாகிறது. அதற்கு ஒரு மாதம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றை என்னால் மறக்கமுடியவில்லை. மாமி வாரக்கணக்கில் சபைக்குப் போகாமல் இருந்தாள். நான்தான், நீங்கள் பேசுவதைப் போனில் பதிவுசெய்து வையுங்கள், நான் அவருக்குப் போட்டுக்காட்டுகிறேன், போய்வாருங்கள் என்றேன். முந்தின நாள் மத்தியானம் அவர் உறங்கும்போது மாமி அடுப்படியில், சுவரோடு ஒட்டாமல் நடுவில் நின்று பேசி எடுத்துவைத்திருந்தாள். அவர் பதில் சொல்வதற்காக நடுநடுவே நிறுத்தி, தலையாட்டி, சிரித்து, பழகின கையாய் எடுத்திருந்தாள்.

அவள் சபைக்குப் போனதும் ஓடவிட்டேன். அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில், மாமிக்குப் பின்னால் முன்னறைப் பக்கத்து நிலைப்படியில் ஒரு உருவம் வந்து நின்றது. இறந்தவர் யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, அது மாமாதான். தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீருக்காக வந்திருக்கிறார். மாமி கவனிக்கவில்லை. கையில் காலி டம்ளர். கசங்கின வேட்டி. ஐந்தாறு நாள் தாடி. அந்த உருவம் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றது.

மாமா பேச்சை நிறுத்தினார். நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு அருகில் போனார். இரண்டு கிழவர்களும் ஒரு முழத் தூரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உனக்குப் பின்னால நிக்குத வயசன் ஆரு?”

திரையில் மாமி எதற்கோ சிரித்தாள்.

“மாமா, ஆளத் தெரியல்லியா?” என்றேன்.

“இல்ல மக்கா.” பின்னால் நின்ற ஒருவரைத் தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “எனக்க வண்டியில கேறினதே இல்ல.”

அப்போது வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தாள். ஆராதனை முடிவதற்கு முன்பே எழுந்து வந்திருக்கிறாள். கையில் வேதப்புத்தகம். சுவரில் தன்னையும், தன் பின்னால் நிற்கிற அவரையும், அந்தப் படத்தின் முன்னால் நிற்கிற அவரையும் பார்த்தாள்.

அவர் திரையில் இருந்த கிழவரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“பாவம். எறங்கவேண்டிய எடம் தெரியாம நிக்குதாரு. கூட ஆருமில்ல போல.”

மாமி புத்தகத்தை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “நான் எறக்கிவிடுதேன்” என்றாள்.

அவர் திரும்பி, தினமும் சோறு கொண்டுவருகிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறவரைப்போல நிதானமாகச் சொன்னார்.

“கையப் பிடிச்சு எறக்கணும், கேட்டியளா? வயசனாக்கும். பையப்பைய எறக்கணும்.”

“பைய எறக்குதேன்” என்று மாமி அவர் கையைப் பிடித்தாள்.